வட்டச் சீட்டு, முக்கோணச் சீட்டு: வழக்கமில்லாத வடிவ ஆரக்கிள் கட்டைப் பழகுவது எப்படி?

ஆரக்கிள் கார்டு என்பது, படம் போட்ட சீட்டை எடுத்து அதிலிருந்து பொருள் பார்க்கிற ஒரு சீட்டுக்கட்டு. அதைச் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் செவ்வகச் சீட்டை மனதில் வைத்தே பேசுகிறார்கள். நேராக வந்தால் ஒரு பொருள், தலைகீழாக வந்தால் இன்னொரு பொருள். மூன்று சீட்டை வரிசையாக வை. ஏழு முறை கலைத்துப் போடு. கையில் இருப்பது வட்டச் சீட்டு என்றால் இதில் ஒன்றுகூட அப்படியே ஒத்துவராது. வட்டத்துக்கு ஏது தலை, ஏது கால்? அறுகோணச் சீட்டை விரலால் வளைத்தால் மூலை மடங்கிவிடுகிறது. கூட வரும் கையேடு ஒவ்வொரு சீட்டின் பொருளையும் பக்கம் பக்கமாகச் சொல்கிறதே ஒழிய, கட்டை எப்படிக் கையாள்வது என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. திண்டாடி, அங்கங்கே பொறுக்கிச் சேர்த்ததை ஒழுங்குபடுத்தித் தருகிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் அந்தச் சுற்று சுற்ற வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குறி பார்ப்பதற்கான வழிகாட்டி கிடையாது. சீட்டு தற்செயலாக வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்ததும் மனதில் என்ன ஓடுகிறதோ அதைப் பிடித்து எழுதிப் பார்க்க ஒரு சாக்குதான் இந்தக் கட்டு. நாளை என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை. ஆனால் எழுதிப் பார்க்கத்தான் என்றாலும் விதிகள் வேண்டும். சீட்டை எடுப்பதற்கு முன்பே அவற்றை முடிவு செய்யாவிட்டால், பிடித்த பதில் வரும்வரை சீட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்போம். வட்டச் சீட்டில் அதற்கு வசதி ரொம்பவே அதிகம்.

1. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

குறி பார்க்கப் பயன்படும் டாரட் கட்டு என்றால் 78 சீட்டு என்று கணக்கு உண்டு. ஆரக்கிளுக்கு அப்படி எதுவும் கிடையாது, உருவாக்குகிறவர் இஷ்டம்தான். முப்பதிலிருந்து அறுபதுக்குள் இருப்பவை நிறைய. ஆரம்பத்தில் நாற்பதை ஒட்டி இருப்பது போதும். அதற்கு மேல் போனால் படங்கள் முகம் பழகவே மாதக்கணக்கில் ஆகும்.

அளவைக் கட்டாயம் பாருங்கள். சாதாரண சீட்டாட்டச் சீட்டு சுமார் 63க்கு 88 மில்லிமீட்டர். ஆரக்கிள் கட்டுகள் பல 89க்கு 127 அளவில் வருகின்றன. வட்டச் சீட்டுக்குக் குறுக்களவு மட்டும்தான் போட்டிருப்பார்கள், அந்த எண்ணை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. ஒரு வழி சொல்கிறேன். ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஏதாவது அட்டைப்பெட்டியை எடுத்து அதே குறுக்களவில் நாலைந்து வட்டம் வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் வட்டம் திரையில் அழகாகத் தெரியும், சின்னக் கைக்குள் அடங்காது.

அட்டையின் கனம் 300 முதல் 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) என்று போட்டிருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் சீக்கிரம் சுருண்டுகொள்ளும். முக்கோணம் வாங்குவதானால் மூலைகளை மழுக்கி வெட்டியிருக்கிறார்களா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூர்மையாக விட்ட 60 டிகிரி மூலை முதலில் நைந்துபோகும் இடம்.

பின்பக்கத்து ஓவியமும் முக்கியம். எந்தக் கோணத்தில் திருப்பினாலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும். பின்பக்கத்தில் ஒரு பறவையோ நிலவோ ஓரமாக இருந்தால், சீட்டைத் திறப்பதற்கு முன்பே அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண் கண்டுகொள்ளும். திசையை வைத்துப் பொருள் பார்ப்பதாக இருந்தால் அந்தக் கட்டு உதவாது.

செலவு விஷயம். கட்டின் விலையோடு கணக்கு முடிவதில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறதென்றால் அனுப்பும் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து சில சமயம் கட்டின் விலையைத் தொட்டுவிடும். கூட்டு நிதி திரட்டி அச்சிடும் கட்டுகள் சொன்ன தேதிக்கு வருவது அபூர்வம். வடிவ வெட்டு என்றால் அச்சகத்தில் தனி டை (அந்த வடிவத்தில் வெட்டும் அச்சு) செய்ய வேண்டும், அதனால் இன்னும் இழுக்கும். கையேடு அச்சுப் பிரதியா, பதிவிறக்கமா என்று கேளுங்கள். வழக்கத்தைவிடப் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது, சீட்டு சற்றுச் சின்னது, கையேட்டுக்குப் பதில் ஒரு க்யூஆர் கோடு மட்டும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது திருட்டுப் பிரதி.

மேலே விரிக்கும் பட்டுத் துணி, ஸ்படிகக் கல், சீட்டு நிறுத்தும் மரத்தாங்கி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்.

2. பெட்டியைத் திறந்ததும்

கலைக்காதீர்கள். முதலில் எண்ணுங்கள். கையேட்டின் பொருளடக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஒன்று இரட்டையாக வந்து இன்னொன்று விடுபட்டிருப்பது நடக்கிற காரியம்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே அடுக்காக நிறுத்தி, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். வட்டச் சீட்டில் ஒரு சீட்டு அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் விரல் அதைக் கண்டுபிடிக்கும். அப்புறம் தெரியாமலே அதைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கும். அப்படி இருந்தால் படம் எடுத்து, விற்றவருக்கு உடனே எழுதுங்கள். பில், பார்சலின் மேல் ஒட்டிய முகவரித் தாள், பெட்டி மூன்றையும் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பத்திரமாக வையுங்கள். பயன்படுத்திய அடையாளம் தெரிந்துவிட்டால் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

விளிம்பில் பொன் பூச்சு இருந்தால் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு வளைக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுங்கள். பூச்சு கொஞ்சம் உதிரும், அது சகஜம்.

3. கலைப்பது

புதியவர்கள் கட்டைப் பாழாக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்புகளைச் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விடுவார்களே, அந்த முறையைப் பற்றித்தான் "ஏழு முறை" என்ற பேச்சு. கணிதவியலாளர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் வெளியிட்ட கணக்கு அது, 52 சீட்டுக்கானது. நேரான விளிம்பு இருந்தால்தான் இப்படிக் கலைக்க வரும். வட்டத்தில் இரண்டு பாதியும் ஒரு புள்ளியில் மட்டுமே தொடுகின்றன. முக்கோணத்தில் மூலை ஒடிகிறது. விட்டுவிடுங்கள்.

கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மேலே போடுவது அடுத்த வழி. வட்டச் சீட்டுக்கும் இது வரும், ஆனால் மிக மந்தம். இந்த முறையில் 52 சீட்டு சரியாகக் கலைய ஆயிரக்கணக்கான முறை போட வேண்டும். பத்து இருபது தடவை போட்டுவிட்டுக் கலைந்துவிட்டது என்று நினைத்தால், நேற்று பக்கத்தில் பக்கத்தில் இருந்த சீட்டுகளில் சில இன்றும் அப்படியேதான் இருக்கும்.

நமக்கு ஏற்றது மேசையில் பரப்பிக் கலைப்பது. எல்லாவற்றையும் குப்புறப் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் வைத்து, சோற்றைப் பிசைவதுபோல் சுழற்றிச் சுழற்றிக் கலையுங்கள். டயகோனிஸ் இதையும் ஆராய்ந்திருக்கிறார். ஒரு நிமிடம் ஒழுங்காகச் செய்தால் போதும். செவ்வகச் சீட்டைப் பரப்பிக் கலைத்தால் திரும்ப அடுக்குவது ஒரு தொல்லை. வட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, இரு கையாலும் அணைத்துத் தட்டினால் அடுக்கு நின்றுவிடும். இன்னொரு லாபமும் உண்டு. இப்படிக் கலைக்கும்போது சீட்டு எல்லாக் கோணத்துக்கும் சுழன்றுவிடுகிறது. கையில் வைத்துக் கலைத்தால் வரிசை மாறுமே தவிர கோணம் மாறாது.

கீழே மெத்தென்ற துணி இருக்கட்டும். வெறும் மரமோ கண்ணாடியோ என்றால் பூச்சு தேயும், சீட்டை எடுக்க நகத்தால் நெம்ப வேண்டிவரும். அந்த நெம்பலில்தான் விளிம்பு பிளக்கிறது.

4. திசை விதியை எழுதி வைப்பது

நோட்டின் முதல் பக்கத்தில், இன்னும் ஒரு சீட்டுகூட எடுக்காத நிலையில், இதை எழுதிவிடுங்கள். எழுதாமல் மனதில் வைத்துக்கொள்வது விதி ஆகாது.

முதல் கேள்வி: திசையைக் கணக்கில் எடுப்பதா, வேண்டாமா? வேண்டாம் என்பதும் நல்ல முடிவுதான். அப்படியென்றால் சீட்டைத் திறந்ததும் படம் நேராகத் தெரியும்படி திருப்பி வைத்துவிடுங்கள், அதோடு முடிந்தது. முதல் மாதம் இப்படி ஓட்டச் சொல்வேன்.

எடுப்பதானால் வட்டத்துக்குக் கடிகார முறை வசதி. படத்தின் தலைப்பக்கம் எந்த மணியைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு பொருள் வேண்டாம்; அவ்வளவு இடைவெளி கொடுத்தால் எதை வேண்டுமானாலும் எதற்குள்ளும் புகுத்திவிடலாம். வட்டத்தை நான்கு கால் பகுதியாகப் பிரித்தால் போதும். நான் வைத்திருக்கும் விதி இது. பன்னிரண்டை ஒட்டி வந்தால், படத்தில் உள்ளது என் வாழ்க்கையில் இப்போது வெளிப்படையாக இருக்கிறது. மூன்றை ஒட்டி வந்தால் வளர்ந்துகொண்டு வருகிறது. ஆறை ஒட்டி வந்தால் உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. ஒன்பதை ஒட்டி வந்தால் தணிந்துகொண்டு போகிறது. உங்கள் விதி வேறாக இருக்கலாம், நடுவில் மாற்றாமல் இருந்தால் சரி.

நல்லது, கெட்டது என்று பிரிக்காதீர்கள். செவ்வகச் சீட்டின் நேர், தலைகீழ் என்ற இரண்டே நிலை எப்போதும் ஒரு தீர்ப்பாக முடிந்துவிடும். வட்டம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அது தீர்ப்புச் சொல்ல இடம் கொடுப்பதில்லை.

சமபக்க முக்கோணத்தில் இரண்டு நிலை போதும். முனை உங்களைப் பார்த்தால் கேள்வி உங்களைப் பற்றியது, வெளியே பார்த்தால் எதிராளியைப் பற்றியது. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் எது அருகிலிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அறுகோணத்தில் திசையே வேண்டாம், அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏழாவது படியில் வருகிறேன்.

சீட்டைத் திருப்புவதிலும் ஒரு பொறி. புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் இடவலமாகத் திருப்பினால் தலைப்பக்கம் மேலேயே இருக்கும். கீழிருந்து மேலாகத் திருப்பினால் தலை கீழே வந்துவிடும். எது வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் எப்போதும் ஒன்றையே செய்யுங்கள். திருப்பிய பிறகு மேசையில் சரிசெய்து வைக்காதீர்கள், விழுந்தது விழுந்ததுதான்.

5. கேள்வியை அமைப்பது

"நடக்குமா", "கிடைக்குமா" என்று தொடங்கும் கேள்வி எதுவும் வேண்டாம். ஆம், இல்லை என்ற பதில் கேட்டால் சீட்டு அதைத்தான் சொல்வதாகத் தோன்றும். "இந்த விஷயத்தில் நான் எதைப் பார்க்க மறுக்கிறேன்?", "எதைத் தள்ளிப்போடுகிறேன்?" போன்றவை எழுதுவதற்கு இடம் தரும்.

கோபமோ பதற்றமோ அதிகமாக இருக்கும் நாளில் "நான்" என்பதற்குப் பதில் உங்கள் பெயரையே போட்டுக் கேளுங்கள். வேறொருவரைப் பற்றிக் கேட்பதுபோல. விளையாட்டாகத் தோன்றும், ஆனால் தன் பெயரைச் சொல்லித் தன்னோடு பேசுகிறவர்கள் பதற்றத்தை மேலாகச் சமாளிக்கிறார்கள் என்று மனோவியலாளர் ஈதன் க்ராஸ் குழுவினர் 2014இல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

6. பார்ப்பது, எழுதுவது, பிறகு கையேடு

இந்த வரிசை மாறக் கூடாது.

முதல் இரண்டு நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். சீட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, பத்திலிருந்து பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரிவது, பிறகு அது எதை நினைவுபடுத்துகிறது, கடைசியாகக் கேள்விக்கும் அதற்கும் என்ன உறவு. எல்லாம் முடிந்த பின்னால் கையேடு.

ஏன் கடைசியில்? பெர்ட்ராம் ஃபோரர் என்ற மனோவியல் ஆசிரியர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவர் குணத்தைத் தனித்தனியாக எழுதியதாகச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார். எல்லோர் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். ஐந்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. கையேட்டு வாசகங்களும் அதே ஜாதிதான். யாருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை. முதலில் படித்தால் "அட, எனக்கே எழுதியதுபோல் இருக்கிறதே" என்று நோட்டை மூடிவிடுவோம்.

என் நோட்டிலிருந்து ஒரு பதிவைக் காட்டுகிறேன். கேள்வி: அண்ணனோடு சேர்ந்து தொடங்கிய வேலையிலிருந்து விலகுவதில் நான் எதைத் தள்ளிப்போடுகிறேன்? வந்த வட்டச் சீட்டில் கரையோரம் கட்டிய ஒரு படகு. தலைப்பக்கம் நான்கு மணியைப் பார்த்து இருந்தது, ஆகவே மூன்றின் கால் பகுதி. எழுதியது இது: "கயிறு தொய்ந்து கிடக்கிறது. இழுத்துப் பிடிக்கவில்லை. படகு நிற்பது கயிற்றால் இல்லை, அடியில் சேறு. தண்ணீர் ஏறினால் தானாகக் கிளம்பும் என்று தோன்றுகிறது. எனக்குத் தண்ணீர் என்றால் பணம். பணம் வந்தால் பேசலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் தடுக்கவில்லை. இதுவரை போட்ட கணக்கை நான் உட்கார்ந்து எழுதவில்லை. வளர்ந்துகொண்டு வருவது என்ன? ஒவ்வொரு மாதமும் கணக்கு பெரிதாகிறது." கையேட்டில் அந்தச் சீட்டுக்குப் போட்டிருந்தது, பொறுமையாக இருங்கள், உரிய நேரம் வரும் என்று. அதை முதலில் படித்திருந்தால் பொறுமையாக இருந்திருப்பேன்.

பதிவில் தேதி, கேள்வி, சீட்டு, கோணம், எழுதியது, அடியில் "இதற்காக இந்த வாரம் செய்யப்போவது" என்று ஒரு வரி. அந்த வரி எழுத முடியாத நாளும் வரும், காலியாக விடுங்கள்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. மனதைப் பாதித்த விஷயங்களை எழுதிப் பார்ப்பதைப் பற்றி மனோவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு எழுதியவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்தது. ஆகவே தூங்கப் போகும் முன் வேண்டாம், அலுவலகக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பும் வேண்டாம். பிறகு அரை மணி நேரமாவது சும்மா இருக்க முடிகிற வேளையாகப் பாருங்கள். ஆழ்ந்த துக்கத்திலோ தூக்கமே இல்லாத நிலையிலோ இருக்கும்போது கட்டைத் தொடாமல் இருப்பதே மேல், அதற்கு ஒரு மனிதரிடம், மருத்துவரிடம் பேச வேண்டும்.

7. விரிப்புகள்

பல சீட்டுகளை மேசையில் ஒரு அமைப்பாக வைப்பதுதான் விரிப்பு. வரிசையாக வைக்கும் பழைய விரிப்புகளை இதில் திணிக்க வேண்டாம். வடிவமே விரிப்பைத் தரும்.

ஒரே அளவு வட்டங்களில், நடுவில் ஒன்று வைத்தால் சுற்றிலும் சரியாக ஆறு இடைவெளியில்லாமல் உட்காரும். நடுவில் கேள்வி, சுற்றிலும் அதில் சம்பந்தப்பட்ட ஆறு பேர் அல்லது ஆறு காரணங்கள். 10 சென்டிமீட்டர் சீட்டு என்றால் 30 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். மடியில் வைத்துச் செய்ய முடியாது. ஏழையும் ஒரே நாளில் எழுதவும் முடியாது, வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அறுகோணமும் இப்படித்தான் அமையும், ஆனால் பக்கத்தோடு பக்கம் முழுவதும் ஒட்டும். அதனால் சீட்டைவிட, இரண்டு சீட்டு தொடும் விளிம்பைப் பற்றி எழுதலாம். "இந்தப் படத்திலிருந்து அந்தப் படத்துக்குப் போக என்ன நடந்திருக்கும்?" நான் பார்த்தவரை எழுத்து தானாக நீளுவது இந்தக் கேள்விக்குத்தான்.

முக்கோணத்துக்கு மூன்று சீட்டே அதிகம்.

8. "இந்தச் சீட்டு என்னை விடமாட்டேன் என்கிறது"

எல்லோருக்கும் இது தோன்றும். கணக்கைப் பாருங்கள். 44 சீட்டுக் கட்டில் தினம் ஒன்று எடுத்து, திரும்பச் சேர்த்து நன்றாகக் கலைத்தால், ஒன்பது நாளுக்குள் ஏதோ ஒரு சீட்டு இரண்டாம் முறை வர 58 சதவீத வாய்ப்பு. முப்பது நாளில் ஒரே சீட்டு மூன்று முறை தலைகாட்டுவதுகூட நடக்காமல் போவதைவிட நடப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதற்கு மேலும் வந்தால் முதலில் விளிம்பைத் தடவிப் பாருங்கள். நைந்தோ மடங்கியோ இருக்கும். அது சரியாக இருந்து, கலைப்பதும் சரியாக இருந்தால், வந்த சீட்டுக்குப் புதிதாக ஒரு பதிவு எழுதுங்கள். பழைய பதிவைப் படித்துவிட்டு எழுதாதீர்கள்.

9. பாதுகாப்பது

சீட்டாட்டச் சீட்டுக்கான பிளாஸ்டிக் உறை இந்த வடிவங்களுக்குப் பொருந்தாது. ரப்பர் பேண்டு போடவே கூடாது, விளிம்பில் பள்ளம் விழுந்துவிடும். வந்த பெட்டியே சிறந்தது. அது கிழிந்துபோனால் அளவு பார்த்து ஒரு வட்டத் தகர டப்பா தேடுங்கள். ஈரக்காற்றில் சீட்டு வளைந்தால் கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், இன்னும் சுருளும்.

ஒரு சீட்டு தொலைந்தால் கட்டு போயிற்று என்று நினைக்க வேண்டாம். நிரந்தர அளவு இல்லாத கட்டுதானே, மீதியை வைத்துத் தொடரலாம். சீட்டு நைந்துபோய் அடையாளம் தெரிகிறதென்றால் அதையும் எடுத்து நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

10. மாதம் ஒருமுறை

சீட்டு எடுக்காமல் நோட்டை மட்டும் படிக்க ஒரு நாளை ஒதுக்குங்கள். அரை மணி நேரம் ஆகும். மூன்று விஷயம் பாருங்கள். எந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள்? "இந்த வாரம் செய்யப்போவது" வரிகளில் எது நடந்தது? திசை விதியை எங்காவது வளைத்திருக்கிறீர்களா? அடித்தல் திருத்தல் இருக்கும் பக்கத்தைப் பார்த்தாலே கடைசிக் கேள்விக்கு விடை தெரியும்.

விதியை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கு மாற்றுங்கள். பழையதை அடிக்காமல், கீழே தேதி போட்டுப் புதியதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கேள்வி மூன்று மாதமாக வந்துகொண்டிருக்கிறது, செய்யப்போவது வரி மட்டும் காலியாகவே இருக்கிறது என்றால் அந்தக் கேள்விக்குச் சீட்டு எடுப்பதை நிறுத்திவிட்டு, சம்பந்தப்பட்டவருக்குப் போன் செய்யுங்கள்.